பச்சைக் கோடு போட்ட கார்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான், இவர், குழந்தை வாலு மூவரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுதுங்கள். போனிலேயே கேட்கலாம்தான். பட்டறைச் சத்தம் உங்கள் காதைத் தின்றபிறகு, போனில் நான் ஒன்று கேட்க நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள். கடிதம் போட்டால்தான் கேட்டதற்குப் பதில் வருகிறது.

விஷயம் இதுதான். ஒரு கார் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஒன்பது மணிக்குள் லேபில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இத்தனை நாள் ஸ்கூட்டரில் ஓட்டிவிட்டேன். போன மாதம் மழையில் சறுக்கி விழுந்தேன். எனக்கு முட்டியில் சிராய்ப்போடு போயிற்று, பதினொரு குழாய்கள் உடைந்துவிட்டன. அந்தப் பதினொரு வீட்டுக்கும் திரும்பப் போய்க் கதவைத் தட்டி, "மறுபடியும் கையை நீட்டுங்க" என்று நின்றேன். ஒரு பெரியவர், "முதல்ல எடுத்ததை என்னம்மா பண்ணினே, குடிச்சிட்டியா?" என்று கேட்டார்.

புதுக் கார் நமக்குக் கட்டாது. இங்கே ஒரு யார்டில், வாடகைக்கு ஓடிக் கழித்த கார்களை விற்கிறார்கள். உங்கள் கம்பெனி வண்டிகள்கூட வரிசையாக நிற்கின்றன. இவர், "வாடகைக் கார்னா ஊர்ல இருக்கிறவன் எல்லாம் ஏறி மிதிச்சதுதானே" என்கிறார். லேப் மேனேஜரோ, வாடகைக் கார்தான் நாள் தவறாமல் சர்வீஸ் ஆகியிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறார். இருவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. மண்டை காய்கிறது. இருபது வருஷமாக அந்தக் கார்களுக்கு அடியிலேயே குடியிருப்பவர் நீங்கள். நீங்கள் சொல்வதுதான் முடிவு.

அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கை


ஜனவரி 17

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம். அண்ணியின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, கடைக்குக் கிளம்பினால் வலிப்பதில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலை வழக்கம்போல.

விழுந்ததை அன்றே ஏன் எழுதவில்லை? சரி, விடு. கார் வாங்கு. உன் மேனேஜர் சொல்வதுதான் சரி. சொந்தக்காரன் சர்வீஸைத் தள்ளிப் போடுவான், வாடகைக் கம்பெனி தள்ளாது. வண்டி நடுவழியில் நின்றால் அவர்கள் பெயர் கெடும். ஏறி மிதித்தவர்கள் பலபேர் என்பது உண்மை, துடைத்துப் பார்த்தவர்களும் பலபேர் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

போய்ப் பார்க்கும்போது சீட்டையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்து மயங்காதே. குனிந்து அடியில் பார். எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. ஒரு போல்ட்டை முழுசாக முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்போம். கோடு ஒரே நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். நடுவில் உடைந்து விலகியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. ஆளுக்கு ஒரு நிறம். யார் முறுக்கியது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒருவரை ஒருவர் கூப்பிடுவதுகூட நிறத்தை வைத்துத்தான். வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழிகள் வெட்டியிருக்கும், பக்கத்துக் குழியில் மஞ்சள் என்று ஒருத்தன் உண்டு, அவனைப் பற்றி எழுத விருப்பமில்லை. என் நிறம் பச்சை. பச்சைக் கோடு போட்ட வண்டி கிடைத்தால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்.

வாலுவுக்கு மாமாவின் முத்தங்கள். மழையில் மெதுவாகப் போ.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 26

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். உங்கள் நலத்தைப் பற்றி இரண்டு வரியாவது எழுதுங்கள்.

கடிதம் கிடைத்த வார ஞாயிற்றுக்கிழமையே யார்டுக்குப் போய்விட்டோம். இவர் டார்ச் பிடிக்க, நான் பழைய போர்வையை விரித்து, உங்கள் கம்பெனி கார்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் தலையை விட்டேன். யார்டுக்காரர், "ஏம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். முதல் வண்டியில் சிவப்பு. இரண்டாவதில் நீலம். மூன்றாவதில் ஒன்றுமே தெரியாத அளவுக்குச் சேறு. நான்காவது ஒரு சாம்பல் நிறக் கார். சக்கரத்துக்கு உள்பக்கம், குறுக்கே போகிற இரும்பில், எங்கே பார்த்தாலும் பச்சை.

அழுதுவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அழுதேன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற அண்ணன் கையை அங்கே பார்த்தமாதிரி இருந்தது. கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் கடைசி சர்வீஸ் போன செப்டம்பர் என்று போட்டிருக்கிறது.

பிப்ரவரி இருபத்தேழு வரை வண்டியை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று யார்டுக்காரர் சொல்லியிருக்கிறார். எடுத்துவிடட்டுமா? ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கை


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? போன கடிதம் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள் என்று நீங்களே எழுதியிருந்தாலும், உங்களைக் கேட்காமல் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாள் நெருங்குகிறது. வேலை அதிகம் என்றால் அண்ணியையாவது எழுதச் சொல்லுங்கள்.

தங்கை


பிப்ரவரி 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் சுகம், உங்கள் சுகமறிய ஆசை. இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன. பதில் போடுங்கள் என்று தினமும் சொல்கிறேன். "நேரமில்லை" என்கிறார். வீட்டில்தான் இருக்கிறார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரிப்பார், மடிப்பார், சட்டைப் பையில் வைப்பார். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று எரிந்து விழுகிறார். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது.

அவருடைய வேலையைப் பற்றி மட்டும் இப்போது எதுவும் கேட்காதே. கேட்டால் நான் சொன்னேன் என்று நினைப்பார். குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 18

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகம். கார் விஷயம். நன்றாக யோசித்துப் பார்த்ததில் இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. சாம்பல் நிறம் மழையில் எதிரே வருகிறவன் கண்ணுக்குத் தெரியாது. வாடகைக் கார் ஆயிரம் பேர் கை பட்டது, மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்கூட்டர் என்றால் சந்து பொந்தெல்லாம் போகலாம். கட்டாயம் கார்தான் வேண்டுமென்றால் அந்தச் சிவப்பையோ நீலத்தையோ எடு. அவர்கள் நல்ல வேலைக்காரர்கள்.

பச்சை வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலு தடவை படித்தேன். ஜனவரியில் வாங்கு, பிப்ரவரியில் வாங்காதே. அப்போது மேனேஜர் சொன்னது சரி, இப்போது மாப்பிள்ளை சொன்னது சரி. வாழ்க்கையில் முதல் தடவையாக நீங்கள் தன்னோடு ஒத்துப்போன சந்தோஷத்தில் இவர், "அப்ப வாங்கிடலாம், அவரே என் பக்கம் பேசறார்னா ஏதோ குழப்பத்துல இருக்கார்" என்று கட்சி மாறிவிட்டார். இந்த வீட்டில் யார் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போயிற்று.

மழையில் தெரியாது என்கிறீர்கள். சாம்பல் நிற ஸ்கூட்டரில்தானே இத்தனை நாள் போனேன்? நான் கார் ஓட்டுவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? இல்லை, வேறு யாரிடமும் கேட்காமல் உங்களை மட்டும் நம்பியது பாரமாகிவிட்டதா? எதுவானாலும் நேராகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வருத்தம்தான்.

வண்டியை எடுத்துவிட்டேன். இருபத்தேழாம் தேதி சாயங்காலம் யார்டு மூடுகிற நேரத்தில் போய்ச் சாவியை வாங்கினேன். சிவப்பும் நீலமும் நின்றுகொண்டுதான் இருந்தன. என் அண்ணன் முறுக்கிய போல்ட் இருக்கும்போது இன்னொருத்தர் முறுக்கியதை நான் ஏன் எடுக்க வேண்டும்? ஊசி, குழாய், ஐஸ் பெட்டி எல்லாம் பின்னால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கின்றன. ரத்தத்தை லேபில் கொடுத்துவிட்டு வந்து வாலுவையும் ஸ்கூலில் விடுகிறேன். பின் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து வருகிறாள்.

நேற்று கழுவும்போது அவள்தான் சக்கரத்துக்கு உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா, மாமாவுக்கு நேரா கோடு போடத் தெரியாதா?" என்று கேட்டாள். பார்த்தால் உண்மைதான். அன்றைக்கு யார்டில் அழுத கண்ணில் எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கோடும் நடுவில் விலகியிருக்கிறது. ஆனால் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

கோபம் இருந்தாலும் பதில் எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 7

தங்கைக்கு,

அண்ணியை விட்டு இப்போதுதான் உனக்குப் போன் செய்யச் சொன்னேன். ஓட்டாதே என்று மட்டும் சொல்லச் சொன்னேன். ஏன் என்று அவளுக்கும் தெரியாது. உனக்கு முதலில் எழுதுகிறேன்.

போன வருஷம் ஜூன் வாக்கில் என் வலது தோள் போய்விட்டது. கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் உயிர் போகும். எங்கள் வேலை முழுக்கக் குழிக்குள் நின்று மேலே பார்த்துச் செய்வது. கடைசி முறுக்குக்கு நீளமான டார்க் ரெஞ்ச் ஒன்று இருக்கிறது. இழுத்துக்கொண்டே வந்தால், போதுமான இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வரும்வரை என்னால் இழுக்க முடியவில்லை. என் காதுக்குத்தான் கேட்கவில்லையோ என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். முடிந்தமட்டும் இழுத்துவிட்டு, க்ளிக் வராமலே பச்சைக் கோடு போட்டேன். சூப்பர்வைசர் கோட்டைத்தான் பார்ப்பார். இருபது வருஷமாகப் பச்சையைப் பார்த்தால் ரெஞ்ச் வைத்துச் சோதிக்க மாட்டார். ஒன்றல்ல, இரண்டல்ல, எத்தனை வண்டி என்று எனக்கே கணக்கில்லை.

அக்டோபரில் மஞ்சள் போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டான். எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். எல்லோர் முன்னாலும் ரெஞ்சைக் கையில் கொடுத்து, "இழு பச்சை" என்றார் சூப்பர்வைசர். என்னால் முடியவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டறையில் நின்ற வண்டிகளைத் திரும்பச் சோதித்ததாகக் கேள்வி. என்ன தெரிந்தது என்று கேட்கப் போகவில்லை, கேட்க முகமில்லை. அதற்குள் விற்கப் போனவற்றைச் சோதித்தார்களா என்றும் தெரியாது.

வேலை போனதை உனக்கு எழுதவில்லை. தோள்வலிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். நீ கார் பற்றிக் கேட்டதும் பழைய பெருமையில் பச்சையை எடு என்று எழுதிவிட்டேன். நூற்றுக்கணக்கான வண்டிகளில் நீ என்னுடையதைப் போய்க் கண்டுபிடிப்பாய் என்று எண்ணவில்லை. செப்டம்பர் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லாமல் சாம்பல் நிறம், சந்து பொந்து என்று உளறினேன். உன் முன்னால் பெரிய ஆளாகவே இருந்துவிட வேண்டும் என்ற ஆசை. அதற்காகக் குழந்தையை அந்தப் பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டேன்.

கோடு விலகியிருக்கிறது என்றால் போல்ட் கழன்றுகொண்டு வருகிறது. தெருமுனை வரைக்கும்கூட ஓட்டாதே. ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழை. எல்லாப் பச்சையையும் ரெஞ்ச் வைத்துப் பார்க்கச் சொல். என்ன ஆயிற்று என்று உடனே எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

அண்ணன்


மார்ச் 10

அண்ணனுக்கு,

முதலில் இதைப் படியுங்கள். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை.

அண்ணியின் போன் வந்தபோது ஒரு வீட்டில் ஊசியைக் குத்தப் போய்க்கொண்டிருந்தேன். "ஓட்டாதேங்கிறார், ஏன்னு கேக்காதே, லெட்டர் வருது" என்றார்கள். காரை அந்த வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நேற்று உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம் அண்ணா. ஒரு வாரம் அவளை அதில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இவ்வளவு கோபம் உங்கள் மேல் எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "ஏன் அழறே?" என்று வாலு கேட்டபோது என்ன சொல்வது என்று தெரியாமல் அவளையும் திட்டினேன்.

இன்று காலையில் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்கே போனேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு பச்சையாக டார்க் ரெஞ்சால் இழுத்தார். இருபத்திரண்டு போல்ட். ஒவ்வொன்றிலும், ரெஞ்சை வைத்து இழுத்த உடனே க்ளிக். போல்ட் இம்மிகூட நகரவில்லை. நான் நம்பாமல் இரண்டாவது தடவையும் இழுக்கச் சொன்னேன். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"கோடு எந்தப் பக்கம் விலகியிருக்குன்னு பாருங்கம்மா. கழலுற பக்கம் இல்லை, இறுகுற பக்கம். பெயின்ட் போட்டதுக்கு அப்புறம் யாரோ வந்து இன்னும் கொஞ்சம் முறுக்கியிருக்காங்க."

"வேற பட்டறையிலயா?"

"வேற பட்டறைன்னா அவங்க அடையாளம் போட்டிருப்பாங்களே. இது ஈரம் காயறதுக்குள்ள பண்ணினது. பெயின்ட் விரிசல் விடலை, இழுபட்டு வந்திருக்கு பாருங்க. அதே நாள்ல, அதே இடத்துல."

இருபத்திரண்டும் ஒரே அளவுதான் திரும்பியிருக்கின்றன. நீங்கள் விட்ட அளவு. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. யார் அது? ஏன் உங்களிடம் சொல்லவில்லை? உங்களுக்குத் தெரிந்திருக்குமே?

மீதி வண்டிகளைப் பற்றிக் கம்பெனியில் போய்ச் சொல்லுங்கள். முகமில்லை என்பதெல்லாம் அப்புறம். தோளை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

தங்கை


மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் நலம் என்ற வரியை அண்ணி எத்தனை தடவை படித்துக் காட்டினாள் என்று கணக்கில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "டாக்டர்கிட்ட எப்ப போகணும்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் போகிறோம்.

கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் உட்காரச் சொன்னார். அக்டோபரில் பட்டறையில் நின்ற என் வண்டிகள் முப்பத்தொன்றையும் சோதித்தார்களாம். ஒரு போல்ட்கூடத் தளர்வாக இல்லையாம். "அதுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. கை விளங்கலை, வேலை மட்டும் சுத்தம்" என்றார். ஏற்கெனவே விற்றுப்போன வண்டிகளின் பட்டியலை எடுத்து, வாங்கினவர்களைக் கூப்பிட்டுச் சோதிக்கிறேன் என்றும் சொன்னார்.

அங்கிருந்து நேராக மஞ்சள் வீட்டுக்குப் போனேன். ஐந்து மாதமாக அவன் தெருப்பக்கம் திரும்பியதில்லை. அன்று அவனுக்கு லீவு, பனியனோடு வாசல் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான்.

"நீதானா?" என்று கேட்டேன்.

"வேற யாரு?"

"எப்பலேர்ந்து?"

"மே மாசத்துலேர்ந்து. நீ சாப்பாட்டுக்கும் டீக்கும் மேல ஏறுவே இல்லையா, அப்ப உன் குழிக்குள்ள இறங்குவேன்."

நான்தான் ஜூனில் தோள் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பசியில்லை என்று தினமும் பத்து நிமிஷம் கழித்துத்தான் சாப்பிட வருவான், அதை நான் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

"மஞ்சள் கோடு போட்டிருக்கலாமே?"

"போட்டா, பச்சை வண்டியில மஞ்சளுக்கு என்ன வேலைன்னு கேக்க மாட்டாங்களா?"

"இவ்வளவும் பண்ணிட்டு அப்புறம் ஏன்டா போய்ச் சொன்னே?"

அவன் குழாயின் வாஷரை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுட்டாங்க. மூணு வாரம் லீவு. அந்த மூணு வாரம் யார் முறுக்குவா?"

தங்கையே, அவன்மேல் ஐந்து மாதமாகச் சேர்த்துவைத்த கோபத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் நேராக என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அடித்திருப்பேன் என்றும் தோன்றுகிறது. எந்தக் கையால் என்று கேட்காதே. அவனைக் கும்பிடுவதா, திட்டுவதா என்று தெரியாமல், அவன் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது தெருமுனை வரை வந்தான். "உன் தங்கச்சி வண்டி நல்லா ஓடுதா?" என்று கேட்டான். ஓடுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவன் என் இடது தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

காரை ஓட்டு. குழந்தையை ஸ்கூலில் விடு. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகள். உன் கோபம் தீர்ந்ததும் எழுது, தீரவில்லை என்றாலும் எழுது.

அன்புடன்,
அண்ணன்